ஒஸ்ட்ஃப்ளுக்ட் – கிழக்கு நீங்கல்

ஜெர்மன் மொழியில் 'ஒஸ்ட்' என்றால் கிழக்கு, 'ஃப்ளுக்ட்' என்றால் தப்பியோட்டம். கிராமத்தை விட்டு நகரத்துக்குப் போவதற்கு 'லாண்ட்ஃப்ளுக்ட்' என்று ஒரு பொதுச்சொல் உண்டு. அதே அமைப்பில் உள்ளதுதான் ஒஸ்ட்ஃப்ளுக்ட். அன்றைய ஜெர்மனியின் கிழக்கில் இருந்த கிழக்குப் பிரஷ்யா, மேற்குப் பிரஷ்யா, போசன், பொமரேனியா பகுதிகளின் நாட்டுப்புற மக்கள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து பெர்லினுக்கும் மேற்கே உள்ள ரூர் நிலக்கரிப் பகுதிக்கும் லட்சக்கணக்கில் போய்க் குடியேறியதை இது குறிக்கும்.

சரி, எதிலிருந்து தப்பினார்கள்? எல்பே ஆற்றுக்குக் கிழக்கே பெரும் பண்ணைகள் 'யுங்கர்' எனப்படும் நிலவுடைமையாளர்களின் கையில் இருந்தன. பிரஷ்ய அரசின் 1807 ஆணை பண்ணையடிமை முறையை ஒழித்தது. ஆனால் விடுதலைக்கு ஈடாக நிலத்தின் ஒரு பகுதியைப் பண்ணையாருக்கே கொடுக்க வேண்டியிருந்ததால், பலர் நிலமற்ற கூலிகளாயினர். பண்ணையாட்கள் கூடி வேலைநிறுத்தம் செய்வதை 1854 சட்டம் குற்றமாக்கியது. ரூரிலோ சுரங்கங்கள் ஆள் கேட்டு நின்றன. போய்ச்சேர ரயிலும் வந்துவிட்டது.

கூலி மட்டும் காரணமில்லை. கிழக்கின் பண்ணைத் தொழிலாளர்களை 1892-இல் ஆராய்ந்த சமூகவியலாளர் மாக்ஸ் வேபர், எசமானின் பிடியிலிருந்து விடுபடும் ஏக்கமே அவர்களைக் கிளப்பியது என்று கண்டார். ஆள் பற்றாக்குறை என்று புலம்பிய பண்ணையார்கள், ரஷ்ய ஆட்சியில் இருந்த போலந்திலிருந்தும் ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த கலீசியாவிலிருந்தும் பருவக் கூலிகளை மலிவாக இறக்கினார்கள். கிழக்கில் ஜெர்மானியர் குறைகிறார்களே என்று அஞ்சிய பிரஷ்ய அரசு, 1886-இல் குடியேற்ற ஆணையம் அமைத்து, போசனிலும் மேற்குப் பிரஷ்யாவிலும் போலிஷ்காரர் நிலங்களை வாங்கி ஜெர்மன் உழவர்களைக் குடியமர்த்தத் தொடங்கியது.

இதை 'ஜெர்மானியர் புலம்பெயர்வு' என்று மட்டும் எழுதுவது போதாது. போனவர்களில் போசனின் போலிஷ்காரர்களும், கிழக்குப் பிரஷ்யாவின் தென்பகுதியைச் சேர்ந்த மசூரியர்களும் ஏராளம். ரூர் பகுதி நகரமான கெல்சென்கிர்ஹெனில் மசூரியர்கள் திரளாகக் குடியேறினார்கள். அந்நகரின் ஷால்கே கால்பந்து அணியின் நட்சத்திரங்களான ஷெப்பான், குட்சோரா இருவரும் அந்த வழிவந்தவர்கள்தான்.

தமிழில் 'கிழக்குப் பெயர்வு' என்றால் கிழக்கு நோக்கிப் போனது போலாகிவிடும். 'வெளியேற்றம்' என்றால் யாரோ துரத்தியதாகப் பொருள்படும். அந்தச் சொல்லை, இரண்டாம் உலகப்போரின் முடிவில் அதே பகுதிகளிலிருந்து ஜெர்மானியர் விரட்டப்பட்டதற்கு வைத்துக்கொள்ளலாம். 'ஊர் நீங்கினான்' என்ற வழக்கையொட்டி, 'கிழக்கு நீங்கல்' என்பதையே நான் பரிந்துரைப்பேன். லாண்ட்ஃப்ளுக்ட்டுக்கும் அப்படியே 'நாட்டுப்புறம் நீங்கல்' எனலாம்.