பாறையில் ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி

போளூர்ப் பக்கம் ஒரு மொட்டைக் குன்றில் ஏறியிருந்தோம். உச்சிப் பாறையில் கையகலத்துக்கு ஒரு வட்டம் வெட்டப்பட்டிருந்தது. அதன் நடுவே சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்கு ஒரு குழி. பக்கத்தில் இருந்த கல் மேடையை யாரோ கடப்பாறையால் நெம்பிக் கலைத்திருந்தார்கள். எங்களோடு வந்த ஆடு மேய்க்கும் பெரியவர், "புதையல் குறி தம்பி. எங்க தாத்தா காலத்துலயே நோண்டிப் பாத்துட்டாங்க, ஒண்ணும் கெடைக்கல" என்றார்.

கிடைக்காது. அது நில அளவைக்காரர்கள் வெட்டி வைத்த குறி. வட்டம், கண்ணில் படுவதற்காக மட்டுமே. வேலை செய்வது அந்தப் புள்ளிதான். கோணம் அளக்கும் தியோடலைட் கருவியை அதன் மேல் நிறுத்தி, கொத்தனார் பிடிக்கிற மாதிரி ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிடுவார்கள். குண்டின் முனை புள்ளிக்கு நேர் மேலே நிற்கும் வரை கருவியை நகர்த்துவார்கள். பிறகு தூரத்துக் குன்றுகளில் உள்ள இதே போன்ற புள்ளிகளைத் தொலைநோக்கியால் பார்த்து, நடுவில் உள்ள கோணங்களைக் குறித்துக்கொள்வார்கள்.

பள்ளிக்கூடத்துக் கணக்குதான் இது. முக்கோணத்தின் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால், மற்ற இரண்டு பக்கங்களின் நீளம் தானாக வந்துவிடும். அப்படிக் கிடைத்த பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் இன்னொன்று. காட்டையும் ஆற்றையும் சங்கிலி பிடித்துக் கடக்கவே வேண்டாம். முதல் பக்கத்தை மட்டும் தரையில் அளந்தால் போதும்.

ஆனால் அந்த ஒரு பக்கம் பிசகினால் எல்லாமே பிசகும். இந்தியாவை இப்படி முக்கோணங்களால் அளக்கத் தொடங்கிய ஆங்கிலேய அளவையாளர் வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அருகே தொடங்கிய முதல் கோடு ஏறக்குறைய 12 கிலோமீட்டர். கருவி, 100 அடி எஃகுச் சங்கிலி. சென்னை வெயிலில் எஃகு நீளும். 10 டிகிரி சூடு ஏறினால் சங்கிலி மூன்றரை மில்லிமீட்டர் கூடுகிறது. அற்பமாகத் தோன்றும். ஆனால் 12 கிலோமீட்டருக்குள் சங்கிலியை 400 முறை நீட்ட வேண்டும். கூட்டிப் பாருங்கள், ஒன்றரை மீட்டரை நெருங்கிவிடும்! அதனால் சங்கிலியை முக்காலிகள் மேல் வைத்த மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, வெப்பமானி வைத்துச் சூட்டைக் குறித்து, ஒவ்வொரு முறையும் நீளத்தைத் திருத்திக்கொண்டார்கள். அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

கோணத்திலும் அதே கவனம் வேண்டும். ஒரு டிகிரியை 3,600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு விநாடி. அந்த ஒரு விநாடி பிசகினால் 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் குன்று கால் மீட்டர் விலகிவிடும். லாம்டனின் தியோடலைட் அரை டன் எடை. கோணம் காட்டும் கோடுகள் பொறித்த அதன் கிடைவட்டம் மூன்றடி அகலம். வட்டம் பெரிதாக இருந்தால்தான் விளிம்பில் கோடுகளை அவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்க முடியும். பூமி உருண்டை என்பதுகூட இந்தக் கணக்கில் தலைகாட்டும்: பெரிய முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 டிகிரியைத் தாண்டும். ஏறக்குறைய 200 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு ஒரு விநாடி வீதம் கூடும்.

காவிரிச் சமவெளிக்கு வந்ததும் குன்றுகள் தீர்ந்துபோயின. எங்கே பார்த்தாலும் தென்னையும் பனையும் கண்ணை மறைத்தன. அதனால் கோயில் கோபுரங்கள் மேல் கருவியை ஏற்றினார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதியது. கிடைவட்டம் நெளிந்துவிட்டது. வட்டம் நெளிந்தால் அதில் பொறித்த ஒவ்வொரு கோடும் பொய் சொல்லும். லாம்டன் அதைத் தூக்கி எறியவில்லை. ஆறு வாரம் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். அதே கருவியோடு வேலை தொடர்ந்தது. தென்கோடியில் இருந்து நீண்ட முக்கோணச் சங்கிலி 1840-களின் தொடக்கத்தில் இமய மலையடிவாரத்தைத் தொட்டது. 1852-இல் அளவைத் துறையின் கணக்கரான ராதாநாத் சிக்தார் எவரெஸ்டின் உயரத்தைக் கணக்கிட்டதும் இந்த அளவையின் தொடர்ச்சியாகத்தான்.

மேடை கட்டிய இடங்களில் மேலே ஒரு குறிக்கல்லும், அதற்கு நேர் கீழே மண்ணுக்குள் இன்னொன்றும் வைப்பது வழக்கம். மேல் கல் போனாலும் கீழ்க் கல்லில் இருந்து இடத்தை மீட்கலாம். புதையல் தேடித் தோண்டுகிறவர்கள் இரண்டையுமே பெயர்த்துவிடுகிறார்கள். ஒரு முழம் நகர்ந்தாலும் அந்தக் கல் வெறும் கல்தான். இன்று செயற்கைக்கோள்கள் இடத்தைச் சொல்லிவிடுகின்றன என்றாலும், பழைய வரைபடங்களை இன்றைய நிலத்தோடு பொருத்திப் பார்க்க இந்தப் புள்ளிகள் உதவும்.

நல்ல வேளை, எங்கள் குன்றில் குறி பாறையிலேயே வெட்டப்பட்டிருந்தது. இதையெல்லாம் சொன்னதும் பெரியவர் குழியில் இருந்த சருகை விரலால் எடுத்துப் போட்டார். பிறகு தெற்கே வெகுநேரம் பார்த்தார். வெயில் காலத்துப் புழுதியில் அடிவானமே வெளுத்துக் கிடந்தது. அளவைக்காரர்களுக்கும் இதே தொல்லைதான். மழை பெய்து காற்று கழுவிவிட்ட நாட்களுக்காகக் காத்துக்கிடப்பார்கள்.

"ஐப்பசி மழ விட்டதும் வாங்க தம்பி" என்றார். "அண்ணாமலையார் மல பளிச்சுனு தெரியும்."