காப்பி: ஓர் ஒலி, இரண்டு பிறப்பு

"ஒரு காப்பி கொடுங்கள்" என்றால் குடிக்கக் கேட்கிறாரா, கோப்பில் வைக்கக் கேட்கிறாரா? இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் இவை வேறு வேறு ஒலி. தமிழில் 'ஃப' ஒலி இல்லாததால் அது 'ப்ப' ஆனது. டாக்டர், காலேஜ் போல முதல் ஒகரமும் ஆகாரமானது. இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஒற்றைப் பகரம் போட்டுக் 'காபி' என்று எழுதினால், 'கோபம்' என்பதில் வருவதுபோல் ஒலி மெலிந்துவிடும். அதனால் காப்பி என்பதே சரி.

குடிக்கும் காப்பி அரபு மொழியின் 'கஹ்வா'. பழைய அரபியில் அது மதுவையும் குறித்தது. 15ஆம் நூற்றாண்டில் யேமன் நாட்டுச் சூஃபிகள் இரவு வழிபாட்டில் விழித்திருக்க இதைக் குடித்தார்கள். துருக்கியில் 'கஹ்வே' ஆகி, ஐரோப்பா போய், நம்மிடம் வந்தது.

நகலைக் குறிக்கும் காப்பி லத்தீன் 'கோப்பியா'. மிகுதி, வளம் என்று பொருள். வளம் எப்படி நகலானது? ஓர் ஆவணத்தைப் பார்த்து எழுதிக்கொள்ள வாய்ப்புத் தருவதையும் அந்தச் சொல்லால் சொன்னார்கள். இடைக்காலத்தில், அப்படி எழுதிக்கொண்ட ஏட்டுக்கே அது பெயராகிவிட்டது. (காப்பியத்துக்கும் இந்த இரண்டுக்கும் உறவில்லை; அது 'காவ்யம்' வழி வந்தது.)

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? பானத்துக்குக் குளம்பி, கொட்டை வடிநீர் என்றெல்லாம் சொல் ஆக்கியிருக்கிறார்கள். எனக்குக் காப்பியே போதும். பொருளோடு வந்த பெயர் அது. உலகமே அப்படித்தான் வாங்கிக்கொண்டது.

மற்றதை அப்படி விட மனமில்லை. 'நகல்' அரபு, 'பிரதி' வடமொழி. நம் கையில் 'படி' இருக்கிறது: கையெழுத்துப்படி, அச்சுப்படி, படியெடுத்தல். கல்வெட்டைப் படியெடுப்பதைப் பார்த்தால் இந்தச் சொல் மனத்தில் நின்றுவிடும். ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் பதிய வைப்பார்கள். பிறகு மை ஒற்றுவார்கள். மேடெல்லாம் கறுக்கும், எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும்.

மூல ஏட்டில் செத்து ஒட்டியிருந்த ஈயைப் பார்த்து, தானும் ஓர் ஈயை அடித்து ஒட்டினானாம் ஒருவன். அந்த 'ஈயடிச்சான் காப்பி'யை மட்டும் மாற்ற வேண்டாம். அங்கே 'படி' பொருந்தாது.