வெப்பநிலை அலர்ட்: வரம்பை ஏற்றும் முன் இன்லெட்டைப் பாருங்கள்

நெட்வொர்க் கருவிகள் ஓடும் அறையின் கண்காணிப்புத் திரையில் "டெம்பரேச்சர் ஹை" என்று ஒரு வரி வந்ததும் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். ஏசியைக் கூட்டச் சொல்வார்கள். இல்லாவிட்டால் அலர்ட்டின் வரம்பை ஐந்து டிகிரி ஏற்றிவிட்டு டிக்கெட்டை, அதாவது அந்தப் புகார்ப் பதிவை, மூடிவிடுவார்கள். எனக்குப் பயம் இரண்டாவதில்தான்.

முதல் கேள்வி, கத்துவது எந்த சென்சார்? கணினிகளை இணைக்கும் ஒரு நெட்வொர்க் சுவிட்சுக்குள் பல சென்சார்கள் இருக்கும். காற்று நுழையும் இன்லெட்டில் ஒன்று, வெளியேறும் இடத்தில் ஒன்று, முக்கியச் சிப்புகளின் அருகே, பவர் சப்ளைக்குள், ஃபைபர் கேபிள் செருகும் பல ஆப்டிக் மாட்யூல்களுக்குள்ளும்கூட. சிப் 75 டிகிரி காட்டுவது பல மாடல்களில் சாதாரணம். இன்லெட் 45 காட்டினால் உடனே எழுந்து போக வேண்டும். உள்ளே இழுக்கும் காற்றுக்கு ஆஷ்ரே (ASHRAE) என்ற குளிரூட்டல் பொறியாளர்கள் அமைப்பின் பரிந்துரை 18 முதல் 27 டிகிரி வரைதான்.

இன்லெட் சரியாக இருந்து உள்ளே மட்டும் ஏறினால் ஃபேனையும் தூசியையும் பாருங்கள். கருவிகளை அடுக்கி வைக்கும் எல்லா ரேக்கிலும் இன்லெட் ஏறினால் ஏசிதான். அப்போது எந்தக் கருவியை முதலில் அணைப்பது என்ற பட்டியல் கையில் தயாராக இருக்க வேண்டும். ஒரே ஒரு ரேக்கில் ஏறுகிறதா? பின்னால் வெளியேறிய சூடான காற்று, காலி இடங்களை மூடாத ரேக்கின் வழியாக முன்பக்கம் திரும்பி வருகிறது என்று சந்தேகப்படலாம். காற்றோட்டத் திசை மாறிய ஃபேனை மாட்டியிருந்தாலும் இப்படி ஆகும். ஃபேன் மாட்யூல்கள் இரண்டு திசைகளிலும் கிடைக்கின்றன. பல கம்பெனிகள் கைப்பிடியின் நிறத்தில்தான் வேறுபாடு காட்டுகின்றன. மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைக் கருவியின் காற்றுத் துளைகள் பக்கம் பிடித்தால் போதும்: ஒட்டிக்கொண்டால் காற்று உள்ளே போகிறது, பறந்தால் வெளியே வருகிறது.

சரி, அளவே தப்பாக இருந்தால்? கருவிகள் சென்சார் அளவுகளைக் கண்காணிப்பு மென்பொருளுக்குத் தரும் விதத்தைச் சொல்லும் ஆர்எஃப்சி 3433 என்ற தரநிலை முறையில் சென்சார் மதிப்பு ஒரு முழு எண். தசமப் புள்ளி எங்கே என்பது தனி விவரமாக வரும். மென்பொருளில் அளவைப் படிக்கும் டெம்ப்ளேட் அதைக் கவனிக்காவிட்டால் 45.0 என்பது 450 ஆகிவிடும். அதேபோல, 38-லிருந்து அடுத்த அளவீட்டிலேயே 127-க்கோ 255-க்கோ தாவினால், பக்கத்து சென்சார்கள் அசையாமல் இருக்கும்வரை, அது வெப்பம் இல்லை, சென்சார் கோளாறு.

அலர்ட் விட்டுவிட்டு வந்து தொல்லை தருகிறது என்றால் வரம்பைத் தொடாதீர்கள். 40-ல் எழுந்த அலர்ட் 37-க்குக் கீழே இறங்கினால்தான் மூடும்படி இடைவெளி வையுங்கள். அத்துடன், பத்து நிமிடத்தில் ஐந்து டிகிரி ஏறினால் தனி அலர்ட். ஏசி நின்றதை நிலையான வரம்பைவிட இது பல நேரம் முந்திச் சொல்லும்.

அப்புறம், தானாகத் தணிந்த அலர்ட். பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அதே நேரத்து ஃபேன் வேக வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெப்பம் இறங்கியும் ஃபேன் உச்ச வேகத்திலேயே ஓடிக்கொண்டிருந்தால், காரணம் அங்கேயே இருக்கிறது. ஒரு ஃபேன் நின்றால் கருவியே தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடலாம். அந்த டிக்கெட்டை நான் மூடமாட்டேன்.