கோரைக்கிழங்கு வரை மருந்து எப்படிப் போய்ச் சேருகிறது?

களையெடுத்த வயலில் சில நாட்களிலேயே கோரை மீண்டும் தலைகாட்டுவதற்குக் காரணம், அதன் உயிர்நிலை மண்ணுக்கடியில் மெல்லிய தண்டுகளால் கோக்கப்பட்ட கிழங்குச் சரத்தில் இருப்பதுதான். சரத்தின் நுனிக்கிழங்கு வளர்ந்துகொண்டிருக்கும்வரை மற்றவை பெரும்பாலும் உறங்கிக் கிடக்கும். கொத்தும்போதோ உழும்போதோ சரம் அறுந்தால் தனித்தனியே முளைவிடும்.

பாராகுவாட் போன்ற, பட்ட இடத்தை மட்டுமே தாக்கும் தொடு களைக்கொல்லிகள் இலையை ஓரிரு நாளில் கருக்கிவிடும். பார்ப்பதற்கு நிறைவாக இருந்தாலும், கிழங்கு அப்படியே இருக்கும். கிளைபோசேட் செயல்படும் விதம் வேறு. அது பச்சை இலை வழியே நுழைந்து, இலை தயாரிக்கும் சர்க்கரையோடு உணவைக் கடத்தும் ஃபுளோயம் திசுவில் பயணம் செய்து கிழங்கை அடைகிறது. அங்கே ஃபினைல்அலனின், டைரோசின், டிரிப்டோஃபான் ஆகிய மூன்று அமினோ அமிலங்களை உருவாக்கத் தேவையான ஒரு நொதியை முடக்குகிறது. விலங்குகளிடம் இந்நொதி இல்லை என்பது உண்மை. ஆனால் அதை மட்டும் வைத்து மருந்து நமக்குத் தீங்கற்றது என்று முடிவுகட்டுவது அவசரம். இந்தியாவில் பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் வழியாகவே இதைத் தெளிக்க வேண்டும் என்று 2022-இல் மத்திய அரசு அறிவித்தது.

சர்க்கரையோடு செல்வதால் தெளிக்கும் பருவம் முக்கியமாகிறது. இளந்தளிர் கிழங்கிலிருந்து உணவை மேலே இழுத்துக்கொண்டிருக்கும். அப்போது தெளித்தால் மருந்து கீழே இறங்காது. இலைகள் நன்கு விரிந்து, பூக்கும் தறுவாயில், மண்ணில் ஈரம் இருக்கும்போது தெளிப்பதே பயன்தரும். வறட்சியில் வாடிய செடியில் சர்க்கரை ஓட்டமும் மந்தமாகிவிடும். தண்ணீரின் தரத்தையும் பலர் கவனிப்பதில்லை. கலங்கல் நீரிலுள்ள களிமண் துகள்களும், உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரின் கால்சியமும் கிளைபோசேட்டைப் பற்றிக்கொண்டு வலுவிழக்கச் செய்கின்றன. தெளிநீரில் முதலில் அமோனியம் சல்பேட்டைக் கரைத்து, பிறகு மருந்தைச் சேர்ப்பது இதற்காகத்தான்.

கிளைபோசேட் பயிர், களை என்று பிரித்தறியாது. ஆகவே கரும்பு போன்ற பயிர் நிற்கும் வயலில் அதற்கு இடமில்லை. புல்வகைகளுக்கான களைக்கொல்லிகளும் கோரையிடம் பலிப்பதில்லை, ஏனெனில் முக்கோணத் தண்டுடைய கோரை உண்மையில் புல்லினமே அன்று. கரும்புக்குப் பரிந்துரைக்கப்படும் ஹாலோசல்ஃபியூரான் மீதைல், லியூசின் உள்ளிட்ட வேறு மூன்று அமினோ அமிலங்களின் உற்பத்தியைத் தடுக்கிறது. கரும்பு அதை விரைவாகச் சிதைத்துத் தப்பிக்கிறது. 75 சதவீதக் குருணையாக வரும் இம்மருந்து ஏக்கருக்கு 36 கிராம் போதும்.

எந்த மருந்தானாலும் இலைவிடாமல் உறங்கும் கிழங்கை நன்றாக எட்டுவதில்லை. எனவே முன்கூட்டியே உழுது அவற்றை முளைக்கவைத்துத் தெளிப்பதும், தெளித்தபின் மருந்து இறங்கும்வரை இரண்டு வாரமாவது மண்ணைக் கிளறாமல் விடுவதும், பிந்தி முளைப்பவற்றுக்கு மறுமுறை தெளிப்பதும் தேவைப்படுகின்றன.