சின்ன வண்டி, பெரிய பீரங்கி: சுட்டால் ஏன் மல்லாந்து விழவில்லை?

இரண்டாம் உலகப் போர்ப் படம் ஒன்றை அனுப்பி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இத்தனை சிறிய வண்டியில் இவ்வளவு பெரிய பீரங்கியா? ஒரு குண்டு சுட்டால் வண்டியே மல்லாந்துவிடாதா?"

படத்தில் இருப்பது மார்டர் 1 என்ற ஜெர்மன் டாங்கி எதிர்ப்பு வண்டி. கீழே பிரெஞ்சு வண்டி, மேலே ஜெர்மன் பீரங்கி. 1940இல் பிரான்ஸ் வீழ்ந்தபோது, லொரெய்ன் என்ற சங்கிலிப்பட்டை இழுவை வண்டிகள் சுமார் 300 ஜெர்மன் படையிடம் சிக்கின. அடுத்த ஆண்டு சோவியத் மண்ணில் டி-34 டாங்கிகள் எதிரே வந்தன. ஜெர்மானியரின் 37 மி.மீ. பீரங்கியால் அவற்றைத் துளைக்க முடியவில்லை. துளைக்க வல்ல 75 மி.மீ. பாக் 40 பீரங்கியோ 1.4 டன் எடை. சேற்றில் இறங்கிவிட்டால் ஆட்கள் தள்ளி நகர்த்த முடியாது. அந்தப் பீரங்கியையும் இந்த வண்டியையும் சேர்த்தவர் ஆல்ஃபிரட் பெக்கர். இயந்திரப் பொறியாளர், பீரங்கிப் படை அதிகாரி. 1942இல் அவருடைய குழுவின் திட்டப்படி சுமார் 170 வண்டிகள் மாற்றப்பட்டன.

லொரெய்னின் எஞ்சின் நடுவில் இருந்தது. பின்பக்கம் சரக்கு ஏற்றும் காலி இடம். பெக்கருக்கு அதுதான் வேண்டியிருந்தது. ஏன் என்று புரிய, குண்டு கிளம்பும் அந்தக் கணத்துக்குள் போக வேண்டும்.

நியூட்டனின் மூன்றாம் விதியும் உந்த அழிவின்மையும் பள்ளியிலேயே படித்தவைதான். பாக் 40இன் குண்டு 6.8 கிலோ, வேகம் நொடிக்கு சுமார் 790 மீட்டர். பெருக்கினால் உந்தம் ஏறக்குறைய நொடிக்கு 5,400 கிலோகிராம்-மீட்டர். வெடிமருந்து வாயுவின் பங்கை இப்போதைக்கு விட்டுவிடுவோம். குண்டு பீரங்கிக் குழாயைக் கடக்க ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. குழாயை வண்டியோடு அசையாமல் இறுக்கிப் பொருத்தியிருந்தால், அந்தக் கண்ணிமைப்பொழுதில் சுமார் 70 டன் எடைக்குச் சமமான விசை வண்டியைத் தாக்கும். எட்டு டன் வண்டியின் ஆணிகளும் தகடுகளும் அதைத் தாங்கா.

அதனால் குழாயை இறுக்கிக் கட்டுவதில்லை. பின்னோக்கி ஓட விடுகிறார்கள். வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறோமே, அதே காரியம். குழாயும் அதோடு நகரும் பாகங்களும் 600 கிலோ என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் அது பின்னால் கிளம்பும். அதை 90 செ.மீ. தூரத்தில் நிறுத்தினால், வண்டி உணரும் விசை மூன்று டன்னுக்கும் குறைவு! உந்தம் துளியும் குறையவில்லை. அதை வாங்கிக்கொள்ளும் நேரம்தான் இருபத்தைந்து மடங்கு நீண்டிருக்கிறது.

நிறுத்துவது எண்ணெய். குழாயோடு இணைந்த பிஸ்டன் எண்ணெய் நிறைந்த சிலிண்டருக்குள் நகர, எண்ணெய் சிறு துளைகள் வழியே பிதுங்கி மறுபக்கம் போகிறது. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இருக்கிறது. துளை ஒரே அளவில் இருந்தால் தொடக்கத்தில், வேகம் அதிகமாக இருக்கும்போது, எண்ணெயின் எதிர்ப்பு பயங்கரமாக இருக்கும். கடைசியில் ஒன்றுமே இருக்காது. முழுத் தூரமும் ஒரே சீரான விசை வேண்டுமென்றால், வேகம் குறையக் குறையத் துளையும் அதே விகிதத்தில் சுருங்க வேண்டும். சீராக வேகம் குறையும் பொருள் பாதித் தூரத்தில் 71 சதவீத வேகத்தில் இருக்கும். முக்கால் தூரத்திலும் பாதி வேகம் மிச்சமிருக்கும். ஆகவே முக்கால் தூரம்வரை துளை பாதியாகத்தான் சுருங்கலாம்; மீதிப் பாதி கடைசிக் கால் பகுதிக்குள் மூடிவிட வேண்டும். நீளவாட்டில் ஆழம் மாறும் பள்ளங்களாலோ தடிமன் மாறும் தண்டாலோ இதைச் சாதிக்கலாம். சென்சார் இல்லை, கணினி இல்லை. ஒரு வர்க்கமூலச் சமன்பாட்டை இரும்பில் கடைந்து வைத்திருக்கிறார்கள். நின்ற குழாயை அழுத்தப்பட்ட காற்று மீண்டும் முன்னால் தள்ளிவிடும்.

நம் பொறியியல் மாணவர்கள் இந்த வாய்பாட்டைத் தேர்வில் எழுதிவிடுகிறார்கள். ஆனால் ஒரு சிலிண்டரைத் திறந்து, துளையை மாற்றி, விசை எப்படி மாறுகிறது என்று அளந்து பார்க்கும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? கட்டடத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதி ஆய்வகத்துக்குப் போக வேண்டும்.

இனி வாசகரின் கேள்விக்கு நேரடி விடை. மூன்று டன் விசை தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் வண்டியைப் பின்னால் சாய்க்கப் பார்க்கிறது. எட்டு டன் எடை அதை எதிர்க்கிறது. சங்கிலிப்பட்டையின் பின்நுனி எடைமையத்திலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளியிருப்பதால் எடையே வெல்கிறது. வண்டி குலுங்கும், விழாது. குழாய் முனையிலுள்ள தடுப்பு வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டு உதையை மேலும் குறைக்கிறது.

ஆனால் எல்லை உண்டு. இதே லொரெய்ன் வண்டியில் முதல் உலகப் போர்க் காலத்து 150 மி.மீ. ஹோவிட்சரையும் (குண்டை உயர வளைவாக எறியும் பீரங்கி) ஏற்றினார்கள். அதன் குண்டு 40 கிலோவுக்கு மேல். வேகம் பாக் 40இல் பாதிதான் என்றாலும் உந்தம் ஏறக்குறைய மூன்று மடங்கு. அதற்காக வண்டியின் பின்னால் பெரிய இரும்பு மண்வெட்டி ஒன்றைப் பொருத்தி, சுடும் முன் மண்ணில் ஊன்றினார்கள். மிச்ச உதையை பூமி வாங்கிக்கொண்டது.

சுழலும் கோபுரம் இல்லாததற்கும் இதுவே காரணம். குழாய் ஓட 90 செ.மீ., கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளத் தோட்டாவைத் திணிக்க இடம், பக்கத்தில் ஆட்கள். சிறு டாங்கியின் கோபுரத்துக்குள் இதெல்லாம் அடங்காது. கூரையில்லாத பெட்டியில், சுமார் 10 மி.மீ. தகட்டுக்குப் பின்னால் நின்று சுட்டார்கள். மேலே வெடிக்கும் குண்டின் சிதறல்களுக்கு எந்தத் தடுப்பும் இல்லை. ஜெர்மன் "அதிசய ஆயுதம்" என்று இவற்றைப் புகழும் காணொளிகள் அந்த விலையைச் சொல்வதில்லை. ஆக்கிரமிப்புப் போரை நீட்டிக்க உதவிய அவசர வேலை இது என்பதையும் சொல்வதில்லை.

எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. ஸ்டாலின்கிராட் போருக்குப் பின் கைப்பற்றிய ஜெர்மன் பான்சர் 3 டாங்கிகளை 1943இல் சோவியத் பொறியாளர்கள் மாற்றினார்கள். கோபுரத்தைக் கழற்றி, கூரையோடு கூடிய அசையாப் பெட்டி கட்டி, 76.2 மி.மீ. பீரங்கியைப் பொருத்தினார்கள். எஸ்யு-76i என்ற அந்த வண்டிகள் சுமார் 200 உருவாக்கப்பட்டன.