ரெசொனேட்டர்: தமிழ்ல ஒத்ததிர்வியா பரிவா?

"ஒத்த உயிர்ச்செல்லையே எடை போடுற சிப்"னு நியூஸ்ல வருதே, அதுக்குள்ள வேலை செய்யுற பார்ட்டுக்குப் பேரு ரெசொனேட்டர். லத்தீன்ல ரெசொனாரேன்னா திரும்ப ஒலிக்கறது, வேர் அதான்.

ஸ்கூல் பெஞ்சு ஓரத்துல ஸ்கேலை ஒரு பக்கம் அழுத்திப் பிடிச்சு மறுநுனியைத் தட்டுனா டர்ர்ர்னு அதிரும்ல, அந்த நுனியில ஒரு ரப்பரை ஒட்டிட்டு தட்டிப் பாருங்க, அதிர்வு மெதுவாயிடும். அந்த ஸ்கேல் மாதிரியே ஒரு குட்டி சட்டத்தை சிலிக்கான்ல மைக்ரோமீட்டர் கணக்குல செஞ்சு, அதிர்வெண் எவ்ளோ இறங்குச்சுன்னு பாத்தா ஒட்டுனதோட நிறை தெரிஞ்சுரும்.

ஐடியா ஒண்ணும் புதுசில்ல. 1959-லயே ஜெர்மனியில குந்தர் சாவர்பிரே அதிர்ற குவார்ட்ஸ் வில்லையை வச்சு இதுக்கு சமன்பாடு போட்டுட்டாரு: 5 மெகாஹெர்ட்ஸ் வில்லையில சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 17.7 நானோகிராம் படிஞ்சா 1 ஹெர்ட்ஸ் குறையும். ஆனா அது கெட்டியா ஒட்டுற மெல்லிய படலத்துக்குத்தான் சரிவரும், புரோட்டீன் மாதிரி கொழகொழ சாமான் தண்ணியையும் சேத்து இழுத்துக்கிட்டு உக்காரும், கணக்கு உதைக்கும்.

அதைவிட பெரிய தலைவலி, செல் உயிரோட இருக்க தண்ணி வேணும், தண்ணிக்குள்ள போட்டா சட்டத்தோட அதிர்வு அமுங்கிடும். அமெரிக்காவோட எம்.ஐ.டி.ல ஸ்காட் மனாலிஸ் குழு 2007-ல இதை அப்படியே உல்ட்டாவா பண்ணாங்க, தண்ணி சட்டத்துக்குள்ளயே ஓடுற குழாய்ல, வெளிய வெற்றிடம். செல் நுனி வரைக்கும் போய்த் திரும்பும்போது அதிர்வெண் டக்குன்னு இறங்கி ஏறும். அப்பவும் கிடைக்கறது முழு நிறை இல்ல, செல் ஒதுக்குன தண்ணியோட நிறையைக் கழிச்ச மிச்சம்தான்.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? ரெசொனன்ஸுக்கு தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்துல ஒத்ததிர்வு, இலங்கையில பரிவு. ஒண்ணு அதிர இன்னொண்ணும் கூடவே அதிர்றதுக்குப் பரிவுன்னு பேர் வச்சவங்களுக்கு நல்ல காது. ஆனா கருவிக்குப் பேர் வைக்க ஒத்ததிர்விதான் வசதி, சென்சாருக்கு உணரி ஏற்கனவே இருக்கு, ஒத்ததிர்வு உணரின்னு சேத்துக்கலாம்.

சாவர்பிரே வில்லை வச்ச கருவிக்கு இங்கிலீஷ்ல குவார்ட்ஸ் மைக்ரோபேலன்ஸ்னு பேரு, அதை நுண்தராசுன்னு எழுதுறது எனக்கு ஒப்பல, அதுல தட்டும் இல்ல, ஈர்ப்பும் வேண்டாம். "எடை உணரி"யும் அதே மாதிரி தப்பு, இது அளக்கறது நிறை. எடையே தெரியாத ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துல 1973-ல விண்வெளி வீரர்களை ஸ்பிரிங் நாற்காலியில ஆட்டித்தான் நிறை பாத்தாங்க, அங்க தராசு என்னத்துக்கு ஆகும்?