அண்டர்ரேட்டட்: குறைமதிப்பா, குடத்திலிட்ட விளக்கா?

மிகுபுனைவு (ஃபேண்டஸி) நாவல்கள் படிக்கிற நாலு பேர் சேர்ந்தால் பத்தாவது நிமிடத்தில் இந்தச் சொல் வந்துவிடும். "செம அண்டர்ரேட்டட் சீரிஸ்ப்பா அது." கேட்பவரும் தலையாட்டுவார். சரி, அதை யார் எடைபோட்டார்கள், எப்போது குறைத்துப் போட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேரிடம் பதில் இருக்காது. எனக்கு இந்தச் சொல்மேல் சந்தேகம் வந்தது அங்கேதான்.

முதலில் வேரைப் பார்த்துவிடலாம். ‘அண்டர்’ என்றால் கீழே. ‘ரேட்’ லத்தீன் வழி வந்தது. அங்கே ‘ரேரி’ என்று ஒரு வினைச்சொல் உண்டு, கணக்கிடுவது, நினைப்பது என்று இரண்டு பொருளும் அதற்கு உண்டு. நம் ‘எண்ணு’ மாதிரியேதான், காசையும் எண்ணலாம், ஒரு விஷயத்தைப் பற்றியும் எண்ணலாம். ரேஷியோ, ரேஷன், ரீசன் எல்லாம் அந்த வேரின் பங்காளிகள். நாம் பேச்சில் ‘ரேட் என்ன?’ என்று விலை கேட்கிறோமே, அது தப்பான பயன்பாடு ஒன்றும் இல்லை, கணக்குப் போட்டு வைத்த அளவு என்கிற பழைய பொருளுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. ஆக அண்டர்ரேட்டட் என்றால் ஒருவர் கணக்குப் போட்டிருக்கிறார், அந்தக் கணக்குக் குறைவாக வந்துவிட்டது என்று அர்த்தம்.

இதற்கு நேரான தமிழ் குறைமதிப்பு. ‘குறைத்து மதிப்பிடப்பட்ட’ என்று நீட்டி முழக்க வேண்டியதில்லை, ‘குறைமதிப்புக்கு ஆளான தொடர்’ என்றால் போதும். இந்த வகைக்கே பெயர் என்ன என்றால், ஃபேண்டஸிக்கு மிகுபுனைவு, கனவுருப்புனைவு இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன, எபிக் ஃபேண்டஸியைக் காவிய மிகுபுனைவு என்று சொல்லிக்கொள்ளலாம்.

குறைமதிப்பு என்ற சொல் கச்சிதமாகப் பொருந்துகிற இடம் ஒன்று இருக்கிறது: முதல் பாகம். ஸ்டீவன் எரிக்சனின் ‘மலாசன்’ வரிசை 1999இல் தொடங்கி 2011இல் பத்தாவது பாகத்தோடு முடிந்தது. அந்த உலகம் பிறந்தது 1982இல், அவரும் நண்பர் இயன் எஸ்ல்மான்டும் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு ஒன்றுக்காக உருவாக்கியது. முதல் பாகம் முதலில் திரைக்கதையாக எழுதப்பட்டு அப்புறம் நாவலானது. அதனால் வாசகன் ஏற்கெனவே பல வருடம் ஓடிய ஒரு ஆட்டத்தின் நடுவில் போய் விழுகிறான், யார் எவர் என்று சொல்ல ஆளில்லை. தட்டுத்தடுமாறிப் பழகி இரண்டாம் பாகத்துக்குப் போனால் கதை வேறு கண்டத்தில் நடக்கிறது, பெரும்பாலும் புது ஆட்கள். பாதியில் வைத்துவிட்டுப் போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், நானே ஒரு தடவை வைத்தவன்தான். ஆனால் அப்படிப் போனவர்கள் வாசகர் தளங்களில் முதல் பாகத்துக்குப் போட்ட நட்சத்திரங்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. பிடித்தவர்கள் மட்டும்தான் அடுத்த பாகங்களுக்குப் போகிறார்கள், அதனால் பின்பாகங்களின் மதிப்பெண் ஏறிக்கொண்டே போகும். புதிதாக வருகிறவன் பார்ப்பதோ முதல் பாகத்தின் மதிப்பெண்ணைத்தான். வாசலை மட்டும் பார்த்து வீட்டுக்கு விலை சொன்ன கதை. இது குறைமதிப்புதான், சந்தேகமே இல்லை.

ஆனால் நாம் அண்டர்ரேட்டட் என்று புலம்புகிற மற்ற தொடர்களில் பல, எடைபோடும் இடத்துக்கே வந்து சேராதவை. டேனியல் ஆபிரகாமின் ‘லாங் ப்ரைஸ்’ வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள், நான்கு நாவல்கள், 2006 முதல் 2009 வரை வந்தவை. அதில் கவிஞர்கள் ஒரு கருத்தைச் சொற்களால் கட்டி, மனித உருவில் நடமாட வைக்கிறார்கள். முதல் நாவலில் அப்படிக் கட்டுண்ட ஒருவனின் பெயர் சீட்லெஸ், விதையற்றவன். பஞ்சிலிருந்து விதையை நொடியில் நீக்குவது அவன் வேலை, அந்தத் துறைமுக நகரத்தின் செல்வமே அதில்தான் நிற்கிறது. பஞ்சிலிருந்து விதையை எடுக்கிறவனால் வயிற்றிலிருந்து கருவையும் எடுக்க முடியும் என்பதை அந்த நாவல் மெதுவாக, குரலை உயர்த்தாமல் நம் முன்னால் வைக்கிற இடம் இருக்கிறதே, அதற்கு அப்புறம் பஞ்சுப் பொதி என்ற சொல்லே வேறு மாதிரிக் கேட்கும். நாவலில் நடக்கும் சதியைத் துருவிக்கொண்டு போகிறவர் வாள்வீரர் இல்லை, வயதான ஒரு பெண் கணக்கர். இதைப் படித்துவிட்டு ‘சுமார்’ என்று சொன்னவர்களை விட, இப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். இதே ஆசிரியர், டை ஃப்ராங்க் என்பவரோடு சேர்ந்து ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்ற புனைபெயரில் எழுதிய விண்வெளித் தொடர் தொலைக்காட்சி வரை போனது. பெயர் வேறாக இருப்பதால் அந்தக் கூட்டம் இந்தப் பக்கம் திரும்ப வழியில்லை.

இதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: குடத்திலிட்ட விளக்கு. இதில் விளக்கின் மேல் குறை இல்லை, பார்க்காதவன் கண்ணிலும் குறை இல்லை, நடுவில் ஒரு குடம் இருக்கிறது. அண்டர்ரேட்டட் என்றால் ரசிகர்களைத் திட்டத் தோன்றும், குடத்திலிட்ட விளக்கு என்றால் அந்தக் குடம் எது என்று கேட்கத் தோன்றும். எனக்கு இரண்டாவது கேள்விதான் பிரயோசனமாகப் படுகிறது.

குடம் விதவிதமாக வரும். சில சமயம் அது மொழி: ஆந்த்ரே சப்கோவ்ஸ்கியின் ‘விட்சர்’ கதைகள் போலந்து மொழியில் 1986இலேயே தொடங்கிவிட்டன, ஆங்கிலத்தில் முதல் தொகுப்பு வந்தது 2007இல், அதுவும் கணினி விளையாட்டு வெளியான அதே வருடம். சில சமயம் காலம்: ஜேனி வர்ட்ஸ் 1993இல் தொடங்கிய பதினொரு பாக வரிசையை 2024இல்தான் முடித்தார், முடியட்டும் அப்புறம் படிக்கலாம் என்று காத்திருந்தவர்கள் முப்பத்தொரு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தக் காத்திருப்புக்கு ஒரு விஷச் சுழலும் உண்டு. போன பாகம் எத்தனை விற்றதோ அதை வைத்துத்தான் கடைக்காரர் அடுத்த பாகத்துக்கு ஆர்டர் போடுவார், அது குறையக் குறைய பதிப்பாளர் கையை விரித்துவிடுவார், முடியாத தொடர் என்று பெயர் வாங்கியதை அப்புறம் யார் தொடுவார்கள்? டோல்கீனின் மோதிரக் கதைக்கே (‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’) குடம் இருந்தது. 1954-55இல் கெட்டி அட்டையில் வந்த கதை, அமெரிக்க மாணவர்கள் கையில் பரவியது 1965இல் மலிவு விலைப் பதிப்புகள் வந்த பிறகுதான்.

பயன்பாட்டுக்கு வருவோம். பலர் படித்தும் மட்டமாகப் பேசப்படுகிறது என்றால் குறைமதிப்பு. படிக்கவே ஆளில்லை என்றால் குடத்திலிட்ட விளக்கு, பேச்சில் ‘வெளியே தெரியாத தொடர்’ என்றாலும் போதும். ஓவர்ரேட்டட் என்பதற்கு மிகைமதிப்பு. ஐந்து லட்சம் பேர் நட்சத்திரம் போட்ட நாவலை எடுத்து வந்து அண்டர்ரேட்டட் என்று சொல்பவருக்கு மட்டும் என்னிடம் தமிழ்ச் சொல் இல்லை.